கூலிங் வரலன்னு அண்ணி சொன்னாங்க

ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா. கூடப் பிறந்த அக்கா மாதிரி பாத்துக்கறேன்னு சொன்னீங்க பாருங்க, அத என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. உள்ள டயாலிசிஸ் மிஷின்ல இருக்காங்களே, அவங்க என் நாத்தனார். எங்க வீட்டுக்காரரோட அக்கா. புனிதவதின்னு பேரு, நான் அண்ணின்னு கூப்பிடுவேன். அவங்க என்னை மங்கைன்னு கூப்பிடுவாங்க. முழுப்பேரு மங்கையர்க்கரசி, அத யாரு சொல்றா.

இப்படி வந்து உக்காருங்க. உங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்குத்தானே முதல் தடவை? மிஷின்ல போட்டுட்டா மத்தியானம் வரைக்கும் ஆவும். கண்ணாடி வழியா எட்டி எட்டிப் பாத்தாலும் ஒண்ணும் ஆவப்போறதில்ல. நானும் புதுசுல அப்படித்தான் நின்னுக்கிட்டே இருந்தேன், கால் வீங்கினதுதான் மிச்சம். உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

அண்ணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அரக்கோணத்துல தனியா இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கல. ஏன் அண்ணின்னு கேட்டா, "லைன் கிடைக்கலடி"ன்னு சிரிப்பாங்க. குரல் இருக்கே, மணி மாதிரி இருக்கும். இப்பவும் போன் எடுத்தா எதிர்ல இருக்கறவங்க நிமிந்து உக்காருவாங்க. அவங்களுக்கு கிட்னி ரெண்டும் போயி, வாரத்துக்கு மூணு நாள் மிஷின்னு ஆனதும் எங்க வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டோம். எங்க வீடு காட்பாடி, இங்கிருந்து பக்கம். நான்தான் சொன்னேன், கூட்டிட்டு வாங்கன்னு. அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.

பின்பக்கத்து ரூம அவங்களுக்குக் குடுத்தோம். மேற்கு பாத்த ரூம். அவங்களே சொந்தக் காசுல ஏசி வாங்கி மாட்டிக்கிட்டாங்க. உள்ள நீளமா வெள்ளைப் பெட்டி, வெளியில ஃபேன் வச்ச பெரிய பெட்டி, அந்த மாதிரி ஏசி. வெளிப்பெட்டியைப் பின்பக்கச் சந்துல, செவுத்துல இரும்புத் தாங்கி அடிச்சு மாட்டினான். ஜாபர்னு ஒரு மெக்கானிக். மாட்டி முடிச்சுட்டு எழுந்து, "அக்கா, இதுக்கு முன்னாடி எதையும் அடைச்சு வைக்காதீங்க, சூடு வெளிய போவணும்"னான். நான் அந்த நேரம் பார்த்து அடுப்புல பால் வச்சிருந்தேன். யாரு நின்னு கேக்கறது?

அந்தச் சந்துதான்மா என் தோட்டம். உங்களுக்கு சிரிப்பா இருக்கும். பெயின்ட் டப்பா, உடைஞ்ச பக்கெட்டு, எதுல மண்ணு நிக்குமோ அதுல எல்லாம் செடி வச்சிருக்கேன். ரோஜாவுல மட்டும் அஞ்சாறு நெறம். பன்னீர் ரோஜா இருக்குது, நித்தியமல்லி செவுரு முழுக்க ஏறிடுச்சு. தெனமும் காலையில போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பேன். எங்க தெருவுல ‘பூக்கார அக்கா’ன்னா நான்தான். வீட்டுல என்னைக் கேட்டு எது நடக்குது? இந்தச் சந்து ஒண்ணுதான் நான் வச்சது வச்ச இடத்துல இருக்கும்.

பங்குனி பொறந்தது. நம்ம ஊர் வெயில்தான் தெரியுமே, சுத்தியும் பாறை மலை, ராத்திரிகூட அனல் அடங்காது. அண்ணி பகல் முழுக்க ஏசி போடுவாங்க. அந்த வெளிப்பெட்டி இருக்கே, அது குபுகுபுன்னு சூட்டக் கக்கும். நேரா என் ரோஜா மேல. ஒரே வாரத்துல இலையெல்லாம் ஓரம் பழுத்துப் போச்சு. மொட்டு விரியாமலே காஞ்சு உதிருது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பரண் மேல எங்க கிரகப்பிரவேசத்துக்கு அடிச்ச பழைய பேனர் ஒண்ணு கிடந்தது. அதை எடுத்து வெளிப்பெட்டிக்கு முன்னால, மேல ரெண்டு முனை கீழ ரெண்டு முனைன்னு கயிறு போட்டுக் கட்டிட்டேன். சூடு செடிக்கு வராம நின்னுச்சு. அவ்வளவுதான் நான் பண்ணது. ஒரு மறைப்பு. வெயிலுக்கு நாம படுதா கட்டறதில்ல?

அதுக்கப்புறம்தான் அண்ணி சொல்ல ஆரம்பிச்சாங்க, "மங்கை, கூலிங் வரல"ன்னு.

நானும் சும்மா இருந்திடல. கதவுக்குக் கீழ இடுக்குல பழைய புடவை வச்சு அடைச்சேன். ஜன்னலுக்கு கனமா திரை தெச்சுப் போட்டேன். வோல்டேஜ் கம்மியா இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் ஸ்டெபிலைசர் மாத்தினாரு. அப்புறம் ஜாபருக்குப் போன் பண்ணோம். வந்தான். உள்பெட்டிய திறந்து வலையைக் கழட்டினான், தூசி கம்பளி மாதிரி சுருண்டு வந்துச்சு. கழுவி மாட்டினான். ரிமோட்டுல யாரோ வேற எதையோ அமுக்கி வச்சிருந்தாங்களாம், அதையும் சரி பண்ணான். ரூம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. அண்ணி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவன் போனதும் மறுபடியும், "மங்கை, வரலடி."

திரும்ப வந்தான். மீட்டர் வச்சுப் பாத்தான். காஸ் சரியா இருக்குன்னான். பைப்ப தொட்டுப் பாத்தான், நல்லா ஜில்லுன்னு இருக்குன்னான். அரை மணி உக்காந்து பாத்தான், அண்ணி போர்வை கேட்டாங்க, அவ்ளோ குளிரு. அவன் வண்டி தெரு முனை திரும்பியிருக்காது, ரூம் திரும்பவும் வேக ஆரம்பிச்சுடுச்சு.

என்னன்னு கேக்கறீங்களா? அவன் வர்றான்னா நான் பேனரை அவுத்துடுவேன். வெளி ஆளு வந்து நிக்கற இடத்துல கிழிஞ்ச பேனர் தொங்கினா நல்லாவா இருக்கும்? பாத்தா அவன் வேற ஏதாவது சொல்லுவான். அதனால அவுத்து, சுருட்டி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால வச்சுடுவேன். அவன் போனதும் கட்டிடுவேன். அத நான் யோசிக்கவே இல்லம்மா. நெசமா யோசிக்கல. யோசிச்சிருந்தா…

சரி, அத விடுங்க.

மூணாவது தடவை ஜாபர் சலிச்சுக்கிட்டான். "அக்கா, மிஷின்ல ஒரு குறையும் இல்ல. வயசானவங்களுக்கு ஒடம்புச் சூடு தெரியும்"னான். எனக்கு அது பிடிச்சுப் போச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், ஓரகத்திகிட்ட சொன்னேன், பக்கத்து வீட்டுல சொன்னேன். அண்ணிக்கு மனசுதாங்க அப்படித் தோணுது, ஏசி நல்லாத்தான் இருக்குன்னு. அண்ணி காதுலயும் விழுந்திருக்கும். எக்ஸ்சேஞ்சுக் காதாச்சே.

அந்தக் காத வச்சு அவங்க கரெக்டா சொன்னாங்க. ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "மங்கை, கேளு. வெளி மெஷின் டக்குனு நிக்குது பாரு. கொஞ்ச நேரம் ஓடுது, நின்னுடுது. உள்ள வெறும் காத்துதான் வருது. ரிமோட்டுல பதினெட்டு வச்சாலும் அப்படித்தான்"னாங்க. நான் கேட்டேன். நின்ன சத்தம் எனக்கும் கேட்டுச்சு. "அது அப்படித்தான் அண்ணி, ரூம் கூலாயிட்டா அதுவே நின்னுக்கும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க நெத்தியில வேர்வை வழியுது, நான் ரூம் கூலாயிடுச்சுன்னு சொல்றேன்.

உங்களுக்கு டாக்டர் தண்ணிக் கணக்கு சொல்லியிருப்பாரே? நாள் பூரா ஒரு சின்ன சொம்பு. காபி, மோரு, மாத்திரை முழுங்கற தண்ணி, எல்லாம் அதுக்குள்ள. ஒண்ணுக்கு போகாததால குடிக்கறது அத்தனையும் ஒடம்புலயே நின்னுடும்மா. மிஷின்ல போடறதுக்கு முன்னாடி வெயிட் பாப்பாங்க பாருங்க, அதுல தெரிஞ்சுடும். அண்ணி முதல்ல எல்லாம் கரெக்டா இருந்தாங்க. டாக்டரே மெச்சிக்குவாரு. இந்த வெயிலுல வெயிட் ஏற ஆரம்பிச்சுது. ஒவ்வொரு தடவையும் கூட. சிஸ்டர் கேட்டாங்க, "என்னம்மா, தண்ணி ஜாஸ்தி குடிக்கறீங்களா?"ன்னு. அண்ணி வெயிட் மிஷின்லேருந்து எறங்கிட்டாங்க. சிஸ்டர் என்னைப் பாத்தாங்க. என்னைத்தானே பாத்தாங்க, நான் சரியா கவனிக்கலங்கற மாதிரி? எனக்கு சுருக்குன்னுச்சு. தோ, அந்த வெயிட் மிஷின் பக்கத்துலதான் நின்னேன். இந்த ஹால் நெறய ஆளு. சத்தமா சொன்னேன், "நான் அளந்துதான் சிஸ்டர் வைக்கறேன். இவங்க திருட்டுத்தனமா குடிக்கறாங்க. பாத்ரூம் கொழாயில வாய் வச்சுக் குடிக்கறாங்க"ன்னு.

நான் பாத்தேன்மா. ஒரு நாள் பாத்தேன். பொய் சொல்லல.

யாரோ சிரிச்சாங்க. சிஸ்டரும் சிரிச்சுக்கிட்டே, "ஓஹோ, தண்ணி திருடியா நீங்க?"ன்னு அண்ணி கன்னத்தைத் தட்டினாங்க. நல்ல பொண்ணுதான் அது, விளையாட்டாத்தான் சொன்னது. ஆனா பேரு நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு தடவையும், "தண்ணி திருடி வந்தாச்சா?" பக்கத்துக் கட்டில்காரங்களும் அப்படியே சொன்னாங்க. அண்ணி சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பைப் பாத்து நானும் சிரிச்சிருக்கேன்.

சித்திரைக் கடைசி. மத்தியானச் சோறு கொண்டு போறேன், அண்ணி கட்டில்ல உக்காந்துக்கிட்டு ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. மூச்சு வாங்குது. படுக்க முடியல. பேச வரல. அந்த மணி மாதிரி குரல் வெறும் காத்தா வருது. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு இங்க ஓடியாந்தோம். நுரையீரல்ல தண்ணி ஏறிடுச்சுன்னு நேரா மிஷின்ல போட்டாங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்னாரு டாக்டர். "வீட்டுல ரொம்பச் சூடா? அதனாலதான் இவ்ளோ தாகமா?"ன்னு அவரு கேட்டப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏசி ரூம் சார்"னேன். பெருமையா சொன்னேன்.

அவங்கள வார்டுல வச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கூட இருந்தாரு. மறுநாள் நான் வீட்டுக்குப் போயி, சமைச்சு அனுப்பிட்டு, அலுப்புல அண்ணி ரூம்லயே படுத்தேன். ஏசி சும்மாதானே இருக்குதுன்னு. போட்டேன். கொஞ்சம் காத்து வந்துச்சு. புரண்டு படுத்தேன். முதுகு நனைஞ்சு புடவை ஒட்டிக்கிச்சு. ரிமோட்ட எடுத்துக் கொறச்சேன். டக்குன்னு வெளியில நின்ன சத்தம். அனல். மேல் தளத்துச் சூடு அப்படியே தலைக்குள்ள எறங்குது. எனக்கு நாக்கு வறண்டுச்சு, எழுந்து போயி ஒரு சொம்புத் தண்ணிய மடக்மடக்குன்னு குடிச்சேன். குடிச்சு முடிச்சுட்டு சொம்பக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னேன்மா.

திரும்பி வந்து பாத்தா கட்டிலுக்கடியில ஒரு சின்ன பக்கெட்டு. அதுல ஈரத் துண்டு. நனைச்சு நனைச்சு மார் மேல போட்டுக்கிட்டு படுத்திருந்திருக்காங்க. எங்ககிட்ட சொல்லல. சொல்லி சொல்லிப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க போல.

பின்கதவைத் திறந்துக்கிட்டு சந்துக்குப் போனேன். பேனரு வயிறு மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. கைய வச்சேன், சுட்டுச்சு. பின்னால கைய விட்டுப் பாத்தா அடுப்பு வாய் மாதிரி. வெளிய போவ வேண்டிய சூடெல்லாம் அதுல முட்டி, திரும்பவும் அந்தப் பெட்டிக்குள்ளயே போயிக்கிட்டு இருக்குது. தன் சூட்டத் தானே குடிச்சுக் குடிச்சு அது மயங்கி மயங்கி நின்னுக்கிட்டிருந்திருக்கு. இதுக்குப் படிப்பு வேணுமா? பாத்தாலே தெரியுது. முடிச்சு அவுக்க வரல, கத்தியால அறுத்தேன். உள்ள வந்து உக்காந்தேன். மெதுவா, மெதுவா ரூம் குளுந்துச்சு. அண்ணி கேட்ட குளுமை. அந்தக் குளுருல உக்காந்து நான் அழுதேன்.

அழுதுட்டு என்ன பண்ணேன்னு கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, "ஏசிய சரி பண்ணியாச்சுங்க. ஜாபர் வந்தான். காஸ் லீக்காம், முன்னாடியே சரியா பாக்கலையாம்"னேன். வாயில அப்படியே வந்துடுச்சு. நானா யோசிச்சுச் சொல்லல. அவரு அந்தப் பையனுக்குப் போன் போட்டு, எங்க அக்கா உசுரு போயிருக்கும்டா, இனிமே எங்க தெருப்பக்கம் வராதேன்னு கத்தித் தீத்து, அவன் பேசறதுக்குள்ள வச்சுட்டாரு. பாவம்தான். ஆனா அவன் பத்து வீட்டுக்குப் போறவன், இதெல்லாம் மனசுல வச்சுக்க மாட்டான்.

அண்ணி வீட்டுக்கு வந்தாங்க. வெயிட்டும் அடங்கிடுச்சு, தண்ணியும் அந்தச் சொம்போட சரி. ஏசி அருமையா வேல செய்யுது. நானும் விழுந்து விழுந்து செஞ்சேன். கால் பிடிச்சு விடுவேன், தலை வாரி விடுவேன். நீங்க இப்ப பாத்து மெச்சிக்கிட்டீங்களே, அதெல்லாம் அப்ப ஆரம்பிச்சதுதான்.

போன வாரம். எதிர் வீட்டு ஏசிய கழுவ ஜாபர் வந்திருக்கான். எனக்குத் தெரியாது. அண்ணி முன் ரூம் ஜன்னல்ல உக்காந்திருந்தவங்க அவனைக் கூப்பிட்டுட்டாங்க. "தம்பி, உள்ள வாப்பா. நீ சரி பண்ணிட்டுப் போனதுலேருந்து நல்லா குளுருது. என் தம்பி ஏதோ கோவத்துல பேசிட்டான், மனசுல வச்சுக்காதே"ன்னாங்க. நான் சமையக்கட்டுலேருந்து ஓடி வர்றேன், அதுக்குள்ள அவன் சொல்லிட்டான்.

"நான் எங்கம்மா சரி பண்ணேன்? கடைசியா வந்தப்ப ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போனவன்தான். அப்புறம் உங்க வீட்டுப் பக்கமே வரலையே. சார் ஏன் திட்டினாருன்னே எனக்குத் தெரியல."

அண்ணி என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அவன் முன்னாடி ஒண்ணும் கேக்கல. "மங்கை, தம்பிக்கு மோர் குடு"ன்னாங்க. குடுத்தேன். குடிச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் கதவச் சாத்தச் சொன்னாங்க.

"அப்ப யாரு சரி பண்ணது?"

"நான்தான் அண்ணி."

"என்ன பண்ணே?"

சொன்னேன். பேனரு, ரோஜா, ஜாபர் வந்தப்பெல்லாம் அவுத்தது, அத்தனையும் சொன்னேன். கால்ல விழப் போனேன், வேண்டாம்னு கையக் காட்டினாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டியிருந்தா எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

"குடிச்சேன்தான் மங்கை"ன்னாங்க. "கொழாயில வாய் வச்சுத்தான் குடிச்சேன். இல்லன்னு சொல்லல. ஏன் குடிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல. பேனர அவுத்துட்டே, சரி. அந்த ஹால்ல வச்சு எனக்கு ஒரு பேரு கட்டி விட்டியே, அத எப்ப அவுப்பே?"

அவ்ளோதான் கேட்டாங்க. அதுக்கப்புறம் அதப் பத்திப் பேச்சே இல்ல. நல்லா பேசறாங்க, சிரிக்கறாங்க, சாப்பாடு நல்லாயிருக்குங்கறாங்க. ஆனா தலை வார வந்தா, "நானே வாரிக்கறேன்"ங்கறாங்க.

அதான்மா, போன வாரத்துலேருந்து இங்க பக்கத்துல யாரு வந்து உக்காந்தாலும் சொல்றேன். ஆம்பூர்லேருந்து வர்ற அம்மாகிட்ட சொன்னேன். அந்த வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். அவங்களுக்கெல்லாம் இந்தப் பேரே தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும், அது வேற. சிஸ்டர்கிட்டதான் இன்னும் சொல்லல. அவங்க எப்பவும் வேலையாவே இருக்காங்க. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவருக்கு பிரஷர் ஏறிடும். அதுக்காகத்தான் சொல்லல, வேற ஒண்ணும் இல்ல. அந்த ஜாபருக்கு இவரு ஒரு போன் பண்ணி சமாதானமா பேசலாம். அவரா எங்க பண்றாரு.

இருங்க, சிஸ்டர் வர்றாங்க.

ஆமா சிஸ்டர், இவங்க புதுசுதான். இவங்க வீட்டுக்காரரு அந்த ஓரக் கட்டில். தண்ணி விஷயமெல்லாம் நானே சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்… என்ன சிஸ்டர்? எங்க வீட்டுத் தண்ணி திருடி மாதிரி ஆயிடப் போறாரா?

சிரிக்காதீங்க சிஸ்டர். நீங்க சிரிச்சது தப்பில்ல, நான் சொல்லித்தான் சிரிச்சீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்தப் பேரு வேண்டாம். எங்க அண்ணி திருடி இல்ல. அவங்க ரூம் ஏசிய நான் கெடுத்து வச்சிருந்தேன் சிஸ்டர். என் பூச்செடிக்காக வெளிமெஷினுக்குக் குறுக்க பேனரக் கட்டிட்டு, கூலிங் வரலன்னு அவங்க சொன்னப்பெல்லாம் இல்லன்னு சாதிச்சேன். அந்தச் சித்திரை வெயில்ல, வேகற ரூம்ல, நாக்கு ஒட்டிப் போயித்தான் குடிச்சாங்க. யாரா இருந்தாலும் குடிச்சிருப்பாங்க. நான் குடிச்சேன்.

என்ன? உள்ள எல்லாரும் தூங்கறாங்களா? மெதுவா பேசணுமா? இல்ல சிஸ்டர், அன்னைக்கு நான் மெதுவா பேசலையே. அந்தக் கதவச் சாத்தாதீங்க. அப்படியே திறந்து இருக்கட்டும். அவங்களுக்கும் கேக்கட்டும்.